கடன் மனுவுக்கு முன்னாடி பத்து நாள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைதான் படிச்சேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை, தப்பு இருந்தா பொறுத்துக்குங்க.

ஒரு தொழில் நமக்கு ஒத்து வருமான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது என்று பேசச் சொன்னாங்க. நான் அதைக் காசை விட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

ஆறு வருஷம் முன்னாடி 30 நாள் இலவசத் தையல் பயிற்சிக்குப் போனேன். நல்லாத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. கட்டிங் வந்தது, சான்றிதழும் வந்தது. குழுவில் 20,000 ரூபாய் கடன் வாங்கி மோட்டார் வச்ச மிஷின் போட்டேன்.

மூணு மாசத்தில் தெரிஞ்சு போச்சு. தைக்க வரலைன்னு இல்லை. ஒரே இடத்தில் உட்கார முடியலை. அதைவிட, "கை இறுக்குது, கழுத்து ஏறிடுச்சு" என்று யாராவது வந்து நின்னா எனக்கு அழுகை வந்துடும். அந்தத் தீபாவளிக்கு 23 ஜாக்கெட் ஒத்துக்கிட்டு 9 தான் முடிச்சேன். வாசலில் ஆள் சத்தம் கேட்டா கொல்லைப்பக்கம் போயிடுவேன். என் மக "அம்மா வீட்ல இல்லை" என்று சொல்லப் பழகிட்டா. எனக்கு அதுதான் பெரிய வெட்கம். தவணையை நூறு நாள் வேலைச் சம்பளத்தில் கட்டினேன். தவறினா குழுவுக்கே அடுத்த வங்கிக் கடன் தள்ளிப் போகுமே.

மிஷினை என் ஓர்ப்படி எடுத்துக்கிட்டா. என் பக்கத்தில் உட்கார்ந்து கொக்கி வச்சே தொழிலைக் கத்துக்கிட்டவ. யார் சத்தம் போட்டாலும், "கொடுங்கக்கா, பிரிச்சுத் தைக்கிறேன்" என்று சிரிப்பா. அதே மிஷின்தான்!

அடுத்து காளான் போடலாம்னு ஆசை வந்தது. இந்தத் தடவை கடன் கேட்கலை. பக்கத்து ஊரில் சிப்பிக் காளான் போடுகிற அக்காகிட்ட, "சம்பளம் வேண்டாம், பத்து நாள் கூட வேலை செய்றேன்" என்றேன். வைக்கோலை நறுக்கி ஊற வச்சு, வேக வச்சு, ஈரம் சொட்டாம உலர்த்தி, பையில் அடுக்கடுக்கா வித்து தூவிக் கட்டணும். கொட்டகை காயாம தண்ணி தெளிக்கணும். இடுப்பு வலிச்சது, ஆனா நேரம் போனதே தெரியலை. தையலில் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம் மணி பார்ப்பேன்! காளான் விரிஞ்சு பறக்கிற தூள் சிலருக்கு இருமல் கொண்டு வரும். எனக்கு ஒண்ணும் ஆகலை.

வேலையை மட்டும் பார்க்காம கணக்கையும் கேட்டேன். பச்சைப் பூஞ்சை புடிச்சு வீணான பை எத்தனை, விக்காம மிஞ்சினா என்ன செய்வீங்க என்று. அக்கா மறைக்காம நோட்டையே காட்டினாங்க. கடைசி ரெண்டு நாள் விற்கவும் கூடப் போனேன். பேரம் பேச எனக்கு இன்னும் வராது. அதனால் கடைக்குப் போடுறது என் வீட்டுக்காரர்.

20 பையில் ஆரம்பிச்சேன், கையில் இருந்த காசில். கொட்டகைக்கு மட்டும் பிறகு கடன் வாங்கினேன்.

காளான் போட நினைக்கிறவங்க மனு எழுதுறதுக்கு முன்னாடி என் கொட்டகைக்குப் பத்து நாள் வாங்க. டீ உண்டு, சம்பளம் கிடையாது. மூணாம் நாளே புடிக்கலைன்னாலும் சொல்லிட்டுப் போங்க, கோவிச்சுக்க மாட்டேன்.