அவசரப்பட்டவர் யார்?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



தொழில் அனுபவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். காலையில் படப்பையில் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து நம்ம கிரவுண்டைப் பார்த்ததும் மனசு மாறிப்போச்சு. நாலு வருஷம் இங்கே ஹாஃப் லைனில் ஆடியவன் நான். ஆகவே, நடுக்களத்தில் ஆடும் ஒருவரைப் பற்றியே சொல்கிறேன்.

மைக்கேல் சூசைராஜ். கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறைக்காரர், 1994-ல் பிறந்தவர். தூத்தூரை ஒட்டிய அந்த மீனவ ஊர்களில் பந்து என்றால் கால்பந்துதான். 2017 நவம்பர் கடைசியில் ஐ-லீக் சீசன் தொடங்கியது. அதே வாரத்தில் ஒக்கிப் புயல் அந்தக் கரையைச் சூறையாடியது. கடலுக்குப் போன பலர் திரும்பவில்லை. அந்த சீசனில்தான் சென்னை சிட்டி அணியில் சூசைராஜ் எல்லோர் கண்ணிலும் பட்டார். அணி என்னவோ பட்டியலில் கீழேதான் கிடந்தது.

2018-ல் ஐ.எஸ்.எல். அணியான ஜாம்ஷெட்பூர் அழைத்தது, போனார். அடுத்த சீசனிலேயே சென்னை சிட்டி சாம்பியன்! 2019 மார்ச் 9, கோயம்புத்தூர். மினர்வா பஞ்சாபை 3-1 என்று ஜெயித்து, 43 புள்ளிகளோடு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தினார்கள். ஒரகடம் டீக்கடையில் நாங்கள் பேசிக்கொண்டது இதுதான்: “அவசரப்பட்டுட்டாம்பா, ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம்.” அதை ரொம்பத் தீர்மானமாகச் சொன்னவன் நான்தான்.

தப்பாகச் சொன்னேன். இத்தாலியில் சீரி சி-யில் ஒரு பிரிவில் முதலிடம் பிடித்த அணி மறு வருஷம் சீரி பி-யில் ஆடும். ஆட்டக்காரன் அணியோடு சேர்ந்தே மேலே ஏறலாம். 2019-ல் நம் நாட்டில் அந்தப் படிக்கட்டே கிடையாது. ஐ-லீக் கோப்பையை ஜெயித்தாலும் ஐ.எஸ்.எல். கதவு திறக்காது. ஐ-லீக் சாம்பியன் அப்படி மேலே போனது 2023-ல்தான், பஞ்சாப் அணி. சென்னை சிட்டியோ 2021-க்குப் பிறகு ஐ-லீக்கிலேயே இல்லை. அந்தக் காலத்தில் மேலே போக வேண்டுமென்றால் ஆள் தனியாகத்தான் போயாக வேண்டும். சாம்பியன் அணியில் நடுக்களத்தைக் கட்டிக் காத்த எட்வின் சிட்னி வான்ஸ்பாலும் 2019-ல் சென்னையின் அணிக்குப் போனார்.

சூசைராஜ் அங்கே போய் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. 2018 நவம்பரில் கோவாவை 4-1 என்று அடித்த ஆட்டத்தில் இரண்டு கோல் அவருடையது. 2019-ல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. 2020 மார்ச் 14 இறுதிப் போட்டியில் ஏ.டி.கே. கோப்பையைத் தூக்கியது. தோற்றது எட்வின் இருந்த சென்னையின். கொரோனா பயத்தில் ரசிகர்களை உள்ளே விடாத ஸ்டேடியம்.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20, கேரளா பிளாஸ்டர்ஸுக்கு எதிராக. கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, முழங்கால் போய்விட்டது. அந்த சீசன் முழுக்க வெளியே. வெல்டிங் விட்டால் மறுபடி வைக்கலாம். முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் அப்படியில்லை. அறுவை, படுக்கை, பிறகு நடை, பிறகு ஓட்டம், எல்லாவற்றுக்கும் பிறகுதான் பந்து. இருபத்தாறு வயதில் அத்தனையும் தாண்டி மறுபடி மைதானத்துக்கு வந்தார். டீக்கடையில் நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நாலரை மணிக்கு நமக்கும் தம்பிகளுக்கும் மேட்ச். எங்கள் செட்டில் ஒரு கோல்கீப்பர் குறைகிறது, யாராவது வாருங்கள்.