சுடுதண்ணியும் வீட்டுச் செலவும்

(கல்முனையில் கரும்பு, தென்னந்தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

சுடுதண்ணியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தல் போட்டதும் சிலபேர் சிரித்ததாகக் கேள்விப்பட்டோம். "கல்முனையில சுடுதண்ணிக்கு ஒரு கூட்டமா? பகல் ரெண்டு மணிக்குப் பைப்பைத் திறந்தாக் கை வேகுதே!" என்று. சிரித்தது பிழையில்லை. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் சுடுதண்ணி என்றால் அது அன்றாடப் பிரச்சினை. இங்கே அப்படி இல்லை. ஆனாலும் கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடித்து மழை பிடித்துக்கொண்டால், சுபஹுக்கு வுழூ எடுக்கிற வயசாளிகள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரிக்கு நாற்பது நாளும் சுடுதண்ணி வேணும். காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வேணும். கரும்பு வெட்டிவிட்டு உடம்பெல்லாம் சுணையோடு வருகிறவருக்கு வேணும். குடிக்கிற தண்ணியைக் கொதிக்க வைக்கிறது வேறு.

இந்தத் தண்ணியை யார் காய்ச்சுகிறார்கள், எதிலே காய்ச்சுகிறார்கள், அதற்கு என்ன போகிறது? இதைத்தான் இன்றைக்குப் பேச வேணும். இப்போது ஊருக்குள்ளே தவணைக்கு ஹீட்டர் கொடுக்கிறவர்கள் வீடுவீடாக வருகிறார்கள். கையெழுத்துப் போடுமுன் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம் என்பதற்காகவே உங்களைக் கூப்பிட்டோம்.

கணக்கு லேசானது. ஒரு ஆள் குளிக்க ஒரு பெரிய வாளி, 20 லீட்டர் என்று வையுங்கள். கிணற்றுத் தண்ணி சுமார் 27 பாகை இருக்கும். அதை உடம்புக்கு இதமான 42 பாகைக்குக் கொண்டுவரக் கரண்டிலே ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடப் போகும். நாலு பேர் குளித்தால் நாளைக்கு 1.4 யூனிட். மாதத்துக்கு 42 யூனிட். கொயிலால் சூடாக்குகிற ஹீட்டர் எந்தக் கொம்பனியினது என்றாலும் இந்த அளவுக்குக் குறைய முடியாது. "எங்கட மெஷின் கரண்டே இழுக்காது" என்று ஒருவர் சொன்னால் அவர் தண்ணியின் குணத்தையே மாற்றிவிட்டார் என்று அர்த்தம்.

42 யூனிட் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். வீட்டு மின்கட்டணம் நெடுங்காலமாகப் படிமுறையில்தான் போடப்பட்டு வந்திருக்கிறது. மாதம் 60 யூனிட்டுக்குள் நிற்கிற வீட்டுக்கு ஒரு விலை. 60ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் 60க்கும் விலை ஏறிவிடும். மாதாந்த நிலையான கட்டணமும் ஏறும். நாங்கள் போன ஒரு வீட்டில் முன்பு 48 யூனிட்டுக்குள் பில் வந்துகொண்டிருந்தது. உடனே சூடாக்கும் ஷவர் ஒன்றைத் தவணைக்கு எடுத்தார்கள். 90க்குக் கிட்டப் போய்விட்டது. பில்லைப் பார்த்த வாப்பா மீட்டர் பிழை என்று சண்டைக்கு நின்றார். மீட்டரில் ஒரு பிழையும் இல்லை.

2022 ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரி 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மறுபடி 66 வீதமும் கூட்டப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. பிற்பாடு குறைந்தது, ஏறியது எல்லாம் நடந்தது. கூலிக்கு வேலை செய்கிற குடும்பம் அப்படி ஏறி இறங்குகிற ஒன்றிலே குளிக்கிற தண்ணியையும் கட்டி வைக்கலாமா என்பதை நீங்களே யோசியுங்கள்.

கரண்டைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லாமல் போக ஏலாது. வாளிக்குள் போடுகிற கொயில் ஹீட்டர் விலை குறைவு என்று பல வீட்டில் இருக்கிறது. கொயில் தண்ணிக்குள் இருக்கும்போது, பிளக் சுவரில் இருக்கும்போது, "சூடாகிட்டுதா" என்று கைவிட்டுப் பார்க்கிறார்கள். இது உயிரோடு விளையாடுவது. முதலில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அதற்குப் பிறகுதான் கை. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தக் கொயில் வேண்டவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். ஷவர் ஹீட்டர் பூட்டுகிறவர்களும் கவனியுங்கள். 3,500 வாற் ஹீட்டர் 15 அம்பியர் இழுக்கும். ஃபேனுக்கும் பல்புக்கும் இழுத்த மெல்லிய வயரில் அதைக் கொளுவினால் வயர் உருகும். தனி வயர், நல்ல ஏர்த், வேலை செய்கிற ட்ரிப் சுவிட்ச் இந்த மூன்றும் இல்லாத வீட்டில் அதைப் பூட்டக் கூடாது. ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருதரம் அமத்திப் பாருங்கள். விழாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கரையோரக் கிணறுகளில் இன்னொரு தொல்லை. எங்கள் தண்ணி பல இடத்தில் சவர். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு எத்தனை கிணறு உப்பாகிப் போனது என்று மருதமுனை, சாய்ந்தமருது ஆட்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை. அப்படிப்பட்ட தண்ணியைக் காய்ச்சக் காய்ச்சக் கொயிலில் வெள்ளைப் பொருக்குப் பிடிக்கும். கேத்தலுக்குள் பார்த்திருப்பீர்களே, அதேதான். பொருக்குப் பிடித்த கொயில் சூட்டைத் தண்ணிக்கு விடாது, தானே எரிந்து போகும். வினாகிரி ஊற்றி ஊறவைத்துக் கழுவினால் கழரும். மலைநாட்டில் பத்து வருஷம் உழைக்கிற ஹீட்டர் இங்கே அவ்வளவு உழைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

சரி, கரண்டு வேண்டாமென்றால் வேறென்ன? முதலில் தலைக்கு மேலே பாருங்கள்.

சூரியன் இந்தப் பக்கத்தில் நல்ல நாளில் ஒரு சதுர மீற்றர் இடத்தில் ஏறக்குறைய 5 யூனிட் அளவுக்குச் சூட்டைக் கொட்டுகிறது. அதிலே பாதிக்குக் கொஞ்சம் குறையப் பிடித்தாலும் 100 லீட்டர் தண்ணியை 20 பாகை உயர்த்தலாம். கூரையில் வைக்கிற சூரிய நீர் சூடாக்கி இதைத்தான் செய்கிறது. கறுப்புத் தகட்டிலோ கண்ணாடிக் குழாயிலோ தண்ணி சூடாகும். சூடான தண்ணி பாரம் குறைந்து தானாக மேலே உள்ள தாங்கிக்கு ஏறும். குளிர்ந்த தண்ணி கீழே இறங்கும். மோட்டரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

ஆனால் வாங்கப் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். 100 லீட்டர் தாங்கி என்றால் தண்ணியே 100 கிலோ. அஸ்பெஸ்டஸ் சீட் கூரை அதைத் தாங்காது, கொங்கிறீற் தட்டோ தனி இரும்புத் தாங்கலோ வேணும். சாதாரண வகைக்குக் குளிர்தண்ணித் தாங்கி அதைவிட உயரத்தில் இருக்க வேணும். சவர்த் தண்ணிக்கு இந்தத் தாங்கி எத்தனை வருஷம் நிற்கும், எழுத்தில் உத்தரவாதம் தருவீர்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். முகத்தைத் திருப்பினால் வேறு கடைக்குப் போங்கள்.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது, விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். எங்களுக்குச் சுடுதண்ணி அதிகம் தேவைப்படுகிற காலம் மாரி. மாரியில்தான் சூரியன் ஒளிந்துகொள்கிறது. வெயில் கொளுத்துகிற வைகாசி, ஆனியில் யார் சுடுதண்ணியில் குளிக்கிறார்கள்? ஆகவே பெரிய காசைப் போட்டுக் கூரையில் வைப்பது, எட்டுப் பத்துப் பேர் உள்ள வீட்டுக்கும், படுக்கையில் நோயாளி இருக்கிற வீட்டுக்கும் சரி. நாலு பேர் உள்ள தொழிலாளர் வீட்டுக்கு அது முதல் செலவாக இருக்க வேண்டியதில்லை.

காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கறுப்புத் தாங்கியில் பகலில் சூடேறுகிற தண்ணி இரவில் வீணாக ஆறிப் போகிறது. வெயில் உள்ள நாளில் அஸருக்கு முன்னாடி அதை ஒரு மூடியுள்ள கானில் பிடியுங்கள். ஒரு மரப்பெட்டியிலோ பெரிய பெட்டியிலோ உமியைக் கொட்டி, நடுவிலே கானை இறக்கி, மேலேயும் உமிச் சாக்கைப் போட்டு அமத்தி விடுங்கள். உமி சூட்டை வெளியே விடாது. சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் உமிக்குப் பஞ்சமா? சுபஹுக்கு எழும்பித் திறந்தால் வுழூவுக்கு இதமான தண்ணி இருக்கும். பெட்டியை அடுப்புக்குக் கிட்ட வைக்காதீர்கள், உமி நெருப்புப் பிடிக்கும். இந்தத் தண்ணி குளிக்கவும் கழுவவும்தான், குடிக்க அல்ல. நாள்கணக்கில் தேங்கவும் விட வேண்டாம், அன்றன்று மாற்றுங்கள்.

வெயில் இல்லாத நாளுக்கு அடுப்புத்தான். 2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபாவுக்குப் போனபோது டவுனுக்குள் மாடி வீட்டுக்காரர்களும் மூன்று கல்லைத் தேடினார்கள். மூன்று கல் அடுப்பில் நெருப்பு பானையைச் சுடுவதைவிடக் காற்றைத்தான் கூடச் சுடுகிறது.

இலங்கையிலே இதற்கு ஒரு நல்ல விடை ஏற்கெனவே உண்டு. அது அனகி அடுப்பு. 1980களில் விறகைச் சிக்கனப்படுத்தும் தேசியத் திட்டத்தை நடத்தியது யார் தெரியுமா? இலங்கை மின்சார சபை. கரண்டு விற்கிறவர்களே விறகடுப்புக்கு வழி பார்த்தார்கள். ஐ.டி.டி.ஜி. என்ற நிறுவனமும் (2005 முதல் அதன் பெயர் பிரக்டிகல் அக்ஷன்) சேர்ந்து, 1990களில் குயவர்களைப் பழக்கிக் கடைகளுக்கு அனகியைக் கொண்டுவந்தது. களிமண்ணால் ஒரே துண்டாகச் சுட்ட அடுப்பு. ஒரு விறகு வாய், இரண்டு பானை வாய். மூன்று கல்லோடு பார்த்தால் விறகிலே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

எங்களுக்கு அதில் பெறுமதியானது அந்த இரண்டாவது வாய். முன்வாயில் சோறு வேகும்போது மிஞ்சிப் போகிற சூடு பின்வாய்க்கு ஓடும். அங்கே கறி வைக்கிறோம், கறி இறங்கினதும் வெறுமனே விடுகிறோம். அந்த வாய் ஒரு நிமிஷமும் சும்மா இருக்கக் கூடாது. மூடி போட்ட தண்ணிப் பானையை ஏற்றி விடுங்கள். குளிக்கிற தண்ணிக்குத் தனி விறகு தேவையே இல்லை. கரும்பிலே வேலை செய்கிறவர்களுக்கு இது புதினம் இல்லை. சீனி ஆலையில் சாறு காய்ச்சும்போது முதல் கொப்பரையில் இருந்து வருகிற ஆவியை வெளியே விடுவதில்லை, அடுத்த கொப்பரையைச் சூடாக்க அனுப்புகிறார்கள். கொதிகலனுக்குப் போடுவதும் பிழிந்த சக்கைதான். ஆலை முதலாளி வீணாக்காததை நாங்கள் ஏன் வீணாக்க வேணும்?

அடுப்பை வெறுமனே நிலத்தில் வைத்தால் சீக்கிரம் வெடிக்கும். சுற்றிவரக் களிமண் பூசிப் பதியுங்கள். சூடும் நிற்கும், பிள்ளைகள் முட்டினாலும் தோல் வேகாது. ஈர விறகு போட்டால் சூட்டில் ஒரு பகுதி விறகின் தண்ணியை வற்றச் செய்யவே போய்விடும். மட்டை, பாளை, சிரட்டை எல்லாவற்றையும் மாரிக்கு முன்னே காயவைத்து இறப்புக்குள் அடுக்குங்கள்.

சில ஆம்பிளையாட்கள் "விறகு சும்மாதானே கிடைக்குது, என்னத்துக்கு அடுப்பு மாத்தணும்" என்று கேட்டார்கள். விறகு சும்மா கிடைக்கலாம். அதைப் பொறுக்கிறவள், ஊதுகிறவள், புகையை விழுங்குகிறவள் சும்மா கிடைக்கவில்லை. வீட்டுப் புகையால் 2020இல் உலகத்தில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அனகி புகையைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. அடுப்புக்கு நேரே மேலே புகை போக வழி விடுங்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊத வேண்டாம். ஊதுகிற வேலையில் பாதியை வாப்பாமாரும் செய்து பார்க்கலாம், கூரை எவ்வளவு தாழ்வு என்று அப்போதுதான் விளங்கும்.

பேசினது போதும். வெளியே முற்றத்தில் ஒரு அனகியைப் பதித்து நெருப்பு மூட்டியிருக்கிறோம். முன்வாயில் சோறு, பின்வாயில் தண்ணிப் பானை. பக்கத்திலே மூன்று கல்லிலும் ஒரு சோற்றுப் பானை, அதே அளவு விறகை நிறுத்துக் கொடுத்திருக்கிறோம். எழும்பி வாங்க, ரெண்டுக்கும் எவ்வளவு விறகு மிஞ்சியிருக்கு என்று நீங்களே நிறுத்துப் பாருங்க.