அந்த மூணு வருஷம் எங்க இருந்தீங்க?

இந்த எபிசோட் கொஞ்சம் லேட்டா வருது. ரெக்கார்ட் பண்ணிட்டு ரெண்டு தடவை அழிச்சேன். காரணம், இதுல நான் பண்ண ஒரு தப்பைப் பத்தியும் பேச வேண்டியிருக்கு.

சில மாசம் முன்னாடி எங்க டீமுக்கு ஆள் எடுத்தோம். ஒரு ரவுண்டு இன்டர்வியூ நான்தான் எடுத்தேன். ஒரு தம்பி வந்தார். கொடுத்த ப்ராப்ளத்தை நான் எதிர்பார்த்ததைவிட சுத்தமா முடிச்சார். ரெஸ்யூமேல மட்டும் ஸ்கூலுக்கும் காலேஜுக்கும் நடுவுல மூணு வருஷம் கேப். வழக்கமா கேக்குற கேள்விதான், நானும் கேட்டேன். "அந்த மூணு வருஷம் எங்க இருந்தீங்க?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார். "பதினேழு வயசுல ஒரு அடிதடி கேஸ் சார். அதுல ஒருத்தர் இறந்துட்டார். சிறப்பு இல்லத்துல இருந்தேன்."

நான் "ஓகே, ஓகே"ன்னு சொல்லிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். சாயங்காலம் ஃபீட்பேக் ஃபார்ம்ல என்ன எழுதினேன் தெரியுமா? "டெக்னிக்கலா ஓகே. கம்யூனிகேஷன் சுமார்." அவர் செலக்ட் ஆகல. வாழ்க்கையிலயே கஷ்டமான விஷயத்தை மூணே வரியில நேராச் சொன்ன ஆளுக்கு நான் போட்ட மார்க் அது. (இதை அவர்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரம் எதுவும் இதுல இல்ல.)

அந்த உறுத்தல்லதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். சின்ன வயசுல பெரிய குத்தம் பண்ணவங்க வெளிய வந்த பிறகு என்ன ஆகுறாங்க? அப்படிப் படிக்கும்போது என்னை விடாமப் பிடிச்சுக்கிட்ட கதை, இங்கிலாந்தைச் சேர்ந்த மேரி பெல்லோடது.

நியூகாஸில் நகரம், 1968. மே மாசம் பாழடைஞ்ச ஒரு வீட்டுல நாலு வயசுப் பையன் இறந்து கிடந்தான். ஜூலை கடைசியில, அதே வட்டாரத்துல மூணு வயசுப் பையன். ரெண்டு பேரையும் கொன்றது மேரி பெல் என்ற சிறுமி. முதல் குழந்தை இறந்தது அவளுடைய பதினோராவது பிறந்தநாளுக்கு முந்தின நாள். இங்கிலாந்துல பத்து வயசு ஆனாலே குற்ற வழக்குல நிறுத்தலாம். டிசம்பர்ல தீர்ப்பு வந்துச்சு. மனநிலை காரணமாகப் பொறுப்பு குறைஞ்சவள் என்று ஏற்று, கொலைக்குப் பதிலாக அதைவிடக் குறைந்த குற்றப்பிரிவில் தண்டித்தார்கள். ஆனா எத்தனை வருஷம்னு கணக்கு கிடையாது. காலவரையறை இல்லாத காவல்.

பதினோரு வயசுப் பொண்ணை எங்க வைக்கிறதுன்னு அரசாங்கத்துக்கே குழப்பம். கடைசியில ரெட் பேங்க் என்ற இடத்துக்கு அனுப்பினாங்க. அது பசங்களுக்கான பூட்டிய இல்லம். அதை நடத்தினவர் ஒரு முன்னாள் கடற்படைக்காரர். அவர்மேல அவளுக்கு மரியாதை இருந்தது, அங்கே கொஞ்சம் நிலைப்பட்டாள் என்கிறார்கள். ஆனா பதினாறு வயசுல அங்கிருந்து எடுத்து, பெரியவங்க இருக்குற பெண்கள் சிறைக்கு மாத்திட்டாங்க. 1977ல திறந்தவெளிச் சிறையிலிருந்து தப்பி ஓடி, சில நாள்ல பிடிபட்டாள். 1980ல விடுதலை.

வெளிய வந்தவளுக்குப் புதுப் பெயர் கொடுத்தாங்க. 1984ல ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாதுன்னு நீதிமன்றம் தடை போட்டது. அம்மா யாருன்னு மகளுக்கே தெரியாது. அப்படியே பதினாலு வருஷம் ஓடுச்சு.

1998ல கிட்டா செரெனி என்ற பத்திரிகையாளர் மேரி பெல்லோட நீண்ட நேரம் பேசி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுக்காக மேரிக்கும் பணம் கொடுக்கப்பட்டதுன்னு தெரிஞ்சதும் நாடே கொதிச்சது. அப்போதைய பிரதமர் டோனி பிளேர் உட்படக் கண்டிச்சாங்க. பத்திரிகைக்காரங்க வீட்டைக் கண்டுபிடிச்சு வாசல்ல வந்து நின்னுட்டாங்க. அம்மாவும் மகளும் தலையில போர்வையைப் போர்த்திக்கிட்டு அந்த வீட்டை விட்டு வெளியேறினாங்க. தன் அம்மா யாருங்கிறதே அந்தப் பொண்ணுக்கு அப்பத்தான் தெரிய வந்தது.

இந்த இடத்துல நான் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன். ஏன்னா எனக்கு ரெண்டு பக்கமும் நிக்க முடியல.

ஒரு பக்கம், அந்த ரெண்டு பசங்களோட அம்மாக்கள். அவங்க பிள்ளைகளுக்குப் புதுப் பெயரும் கிடையாது, பதினைஞ்சாவது பிறந்தநாளும் கிடையாது. கொன்னவளோட கதைக்குப் பணம் போகுதுன்னு கேள்விப்படும்போது அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அவங்க மன்னிக்கணும்னு எதிர்பார்க்க யாருக்கும் உரிமை இல்ல. எனக்குச் சுத்தமா இல்ல.

இன்னொரு பக்கம், அந்தப் பதினாலு வயசுப் பொண்ணு. அவ என்ன தப்பு பண்ணா?

2003ல உயர் நீதிமன்றம், மேரிக்கும் மகளுக்கும் வாழ்நாள் முழுக்க அடையாளப் பாதுகாப்பு கொடுத்தது. சட்டம் அதோட வேலையைச் செஞ்சது. ஆனா யோசிச்சுப் பாருங்க. புதுப் பெயர் கொடுத்தா ஒருத்தரை ஒளிச்சு வைக்கலாம், சமூகத்துல சேர்த்துக்கிட்டதா ஆகாது. எங்க பாஷையில சொன்னா, வேரியபிளோட பேரை மாத்தினா உள்ள இருக்குற வேல்யூ மாறாது. பக்கத்து வீட்டுக்காரர், முதலாளி, பெத்த மகள், யார்கிட்டயும் உண்மையைச் சொல்ல முடியாம வாழுறதும் ஒரு தண்டனைதான். அதை எந்த நீதிபதியும் தீர்ப்புல எழுதல.

"அதெல்லாம் சரி, திரும்பவும் தப்பு பண்ணா?" நியாயமான கேள்வி. 1993ல லிவர்பூல் பக்கத்துல பத்து வயசுப் பசங்க ரெண்டு பேர், ஜேம்ஸ் பல்ஜர் என்ற இரண்டு வயசுக் குழந்தையைக் கடத்திக் கொன்னாங்க. 2001ல ரெண்டு பேரும் புதுப் பெயர்ல வெளிய வந்தாங்க. ஒருத்தர், குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்கள் வெச்சிருந்த குற்றத்துக்காக 2010லயும் 2018லயும் தண்டிக்கப்பட்டார். இன்னொருத்தர்மேல வெளிய வந்த பிறகு புதுக் குற்ற வழக்கு வந்ததாச் செய்தி இல்ல. அதே குத்தம், அதே வயசு, ஒரே வருஷத்துல விடுதலை. ஒருத்தரை வெச்சு இன்னொருத்தரை முடிவு பண்ண முடியாது. அதனாலதான் கண்காணிப்பு, நன்னடத்தை அதிகாரி, நிபந்தனை எல்லாம் இருக்கு. அந்த ஆபத்தை எடை போடுறது அவங்க வேலை. நான் பயந்துபோய் ஒரு ஃபார்ம்ல பொய் எழுதினது அந்த எடை போடுற வேலையில சேராது.

நம்ம நாட்டுச் சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்தேன். 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 24. பதினெட்டு வயசுக்குள்ள செஞ்ச குத்தத்துக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பால எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது. மேல்முறையீட்டுக் காலம் முடிஞ்சதும் அந்தப் பதிவுகளையே அழிக்கணும். 16 வயசைத் தாண்டி, கொடுங்குற்றத்துக்காகப் பெரியவங்க மாதிரி விசாரிக்கப்பட்டுக் குற்றவாளின்னு தீர்ப்பானவங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. பிரிவு 74, இந்தப் பிள்ளைகளோட பெயர், படம் எதையும் வெளியிடக் கூடாதுன்னு சொல்லுது. அதே சட்டத்துல "புதிய தொடக்கம்" ஒரு கொள்கையாவே எழுதியிருக்கு.

அதாவது, அந்தத் தம்பி என்கிட்ட எதையும் சொல்லியிருக்க வேண்டியதே இல்ல. சட்டம் அழிச்சதை நான் ஒரு கேள்வியில திரும்ப எழுத வெச்சேன். அப்புறம் அதுக்கே தண்டனையும் கொடுத்தேன்.

அவர்மேல கோபப்படுற உரிமை, அந்த அடிதடியில இறந்தவரோட வீட்டுக்கு இருக்கு. எனக்கும் அந்தக் குடும்பத்துக்கும் என்ன சம்பந்தம்? அவங்க சார்பா நான் தண்டனை கொடுக்க, அவங்க என்னைக் கேக்கவே இல்லையே. என்கிட்ட இருந்ததெல்லாம் ஒரு கோடிங் டெஸ்ட், ஒரு ஃபார்ம். அதை நேர்மையா நிரப்பியிருந்தா போதும்.

எச்.ஆர்.கிட்ட என் ஃபீட்பேக் தப்புன்னு எழுதிக் கொடுத்தேன். காரணத்தைச் சொல்லல, மார்க்கை மட்டும் திருத்தினேன். அந்த இடம் ஏற்கெனவே நிரம்பிடுச்சு. அடுத்த ஓப்பனிங்குக்கு அவர் பெயரை ரெஃபர் பண்ணியிருக்கேன், இதுவரைக்கும் பதில் வரல. அவருக்கும் மெசேஜ் போட்டு மன்னிப்பு கேட்டேன். பிரிவு 24 பத்தியும் சொன்னேன். "இனிமே யாராவது கேட்டா நீங்க சொல்லணும்னு கட்டாயம் இல்ல"ன்னு எழுதினேன்.

ஒரு மணி நேரம் கழிச்சு பதில் வந்துச்சு. "தேங்க்ஸ் சார். ஆனா கேப் இருக்கே. கேட்டா என்ன சொல்றது? பொய் சொல்லணுமா?"

எனக்கு டைப் பண்ண ஒண்ணுமே வரல. மகள்கிட்ட சொல்லாமலே பதினாலு வருஷம் ஓட்டின அந்த அம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

இப்பெல்லாம் இன்டர்வியூல கேப் பத்தி நான் கேக்குறதில்ல. "கடைசியா என்ன கத்துக்கிட்டீங்க?"ன்னு கேக்குறேன். இதால பெருசா எதுவும் மாறிடாதுன்னு தெரியும். அவரோட கேள்விக்கு உங்ககிட்ட நல்ல பதில் இருந்தா எழுதி அனுப்புங்க. நான் அவருக்குச் சேர்த்துடறேன்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.