காலையில் அடம்பிடிக்கும் காரும் காரணம் தேடும் கலையும்

காலையில் சாவியைத் திருப்பினால் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. நான்கைந்து முறை முயன்ற பிறகு ஒருவழியாக உயிர் பெறுகிறது. அதன்பின் நாள் முழுதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. இந்தக் கோளாறைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. சந்தேகப்படும் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பது ஒரு வழி. காரணம் இதுதான் என்று சோதித்து உறுதி செய்துகொண்டு, அதை மட்டும் தொடுவது மற்றொரு வழி. இரண்டாவதுதான் மெக்கானிக்கின் உண்மையான கலை. நாம் மதித்துக் கூலி கொடுக்க வேண்டியதும் அதற்குத்தான்.

முதலில் நம் ஊரைக் கணக்கில் எடுத்துக்கொள்வோம். குளிர்நாட்டுக் கையேடுகள், பனியில் எண்ணெய் கெட்டிப்படும், பேட்டரி சோர்ந்துவிடும் என்று சொல்கின்றன. அந்த நாடுகளுக்கு அது பொருந்தும். பினாங்கில் விடியற்காலையிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. ஆகவே இங்கே குளிரின்மீது பழி போட முடியாது. இங்கே பேட்டரியைக் கொல்வது வெயில். சூடு கூடக்கூட அதன் ஈயத் தகடுகள் வேகமாக அரிக்கப்படுகின்றன. 1972 முதல் வளர்ந்துவரும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையைப் பாருங்கள். ஷிஃப்ட் முடியும்வரை திறந்தவெளியில் காயும் கார்கள். வீட்டுக்கும் ஆலைக்கும் இடையே சில கிலோமீட்டர் ஓட்டம். அதிலும் பாதி நேரம் நெரிசலில் ஏர்கண்டிஷனோடு நிற்பது. ஸ்டார்ட் செய்யச் செலவான மின்சாரம் முழுதாகத் திரும்பி ஏற அவகாசமே கிடைப்பதில்லை. இரவு ஷிஃப்ட் செய்பவருக்குக் கார் மாலையில் மக்கர் செய்யலாம். என்ஜினுக்குக் கடிகாரம் தெரியாது. எத்தனை மணி நேரம் நின்று ஆறியது என்பதே கணக்கு.

காரணம் தேடுபவர் கேட்கும் முதல் கேள்வி எளிமையானது: சாவியைத் திருப்பும்போது என்ஜின் தளர்ந்து சுற்றுகிறதா, அல்லது வேகமாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருக்கிறதா? தளர்ந்து சுற்றினால் மின்சாரத்தைத் தேட வேண்டும். இரவெல்லாம் நின்ற காரில், ஸ்டார்ட் செய்யும் முன், பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது 9.6க்குக் கீழே விழக்கூடாது. பேட்டரி நன்றாக இருந்தும் என்ஜின் தளர்ந்தால், வோல்ட்மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டிலும், மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் வயர் கிளாம்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டுவதே சரி. இடையில் வெண்பச்சைப் பொடி படிந்து, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை உண்டானாலே போதும்: 150 ஆம்பியர் பாயும்போது அங்கே ஒன்றரை வோல்ட் வீணாகிறது. கம்பித் தூரிகையால் தேய்த்துத் தீர்க்க வேண்டிய இந்தக் கோளாறுக்காக நல்ல பேட்டரியே தூக்கி எறியப்படுவது உண்டு.

வேகமாகச் சுற்றியும் பற்றாவிட்டால் தேட வேண்டியது பெட்ரோலையும் தீப்பொறியையும். பெட்ரோலுக்கு ஒரு காசும் செலவில்லாத சோதனை இருக்கிறது. பல பெட்ரோல் கார்களில் சாவியை ‘ஆன்’ நிலைக்குக் கொண்டுவந்தால், டாங்கியில் உள்ள பம்ப் ஓரிரு விநாடி ஓடி ஓயும். இப்படி மூன்று முறை செய்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் கார் உடனே எழுகிறதா? அப்படியானால் இரவில் பெட்ரோலின் அழுத்தம் இறங்கியிருக்கிறது. எழும்போது கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் இன்ஜெக்டர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அவை இல்லையென்றால் பம்பிலுள்ள தடுப்பு வால்வின்மீது சந்தேகம் திரும்பும். தீப்பொறியின் பக்கம் வந்தால், 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவில் கார்புரேட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்தன. அதுபோன்ற கார்களில் ஈரம் கோத்த வயர்களில் மின்சாரம் வழிமாறி ஓடி, தீப்பொறி எழாமல் போகலாம். பாகங்கள் மாறிவிட்டாலும் தேடும் முறை மாறவில்லை.

“இப்போதுதான் ஸ்கேனர் வந்துவிட்டதே, மாட்டினால் குறையைச் சொல்லிவிடாதா?” என்று கேட்கலாம். ஸ்கேனர் அருமையான கருவி. ஆனால் பெரும்பாலும் வரம்பு மீறிய அளவைத்தான் அது குறையாகப் பதிவு செய்யும். என்ஜின் நீரின் வெப்பத்தை அளக்கும் சென்சார், ஆறிய காரில் 80 டிகிரி என்று பொய் சொன்னால், 80 என்பது நடக்கக்கூடிய அளவு என்பதால் பல கார்களில் எச்சரிக்கை விளக்கு எரியாது. என்ஜின் சூடாக இருக்கிறது என்று நம்பிக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துவிடும். ஆறிய காரில் நீரின் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்தான் அதே ஸ்கேனரில் அந்தப் பொய்யைப் பிடிப்பார். “இவ்வளவு தேடுவதற்கு ஆகும் நேரக்கூலிக்குப் புது பேட்டரியே வாங்கிவிடலாம்” என்பது இன்னொரு தடை. பேட்டரியே காரணமாக இருந்தால் அது சரி. வெயில் ஊரில் பல நேரம் அப்படி இருக்கவும் செய்யும். ஆனால் அதை உறுதி செய்ய மீட்டருக்கு ஐந்து நிமிடம் போதும். தவறான பாகத்துக்குக் கொடுத்த பணமோ திரும்பாது, கோளாறும் அப்படியே இருக்கும்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை கார் இப்படி அடம்பிடித்தால், அதைச் சூடாக ஓட்டிக்கொண்டு போய்ப் பட்டறையில் நிறுத்தாதீர்கள். ஓடிய கார் தன் குறையைக் காட்டாது. முதல்நாள் மாலையே விட்டுவிட்டு, மறுநாள் காலையில் மெக்கானிக்கே முதல் சாவியைத் திருப்பும்படி கேளுங்கள். எப்படிச் சுற்றியது, எத்தனை மணி நேரம் நின்றது, புகை வந்ததா என்று எழுதிக் கொடுங்கள். எதை மாற்றச் சொன்னாலும், எந்தச் சோதனை அதைக் காட்டியது என்று மரியாதையோடு கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் மெக்கானிக் கேட்கும் சோதனைக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.