சட்டத் துணையும் நம் இல்லங்களும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் நம் பிள்ளைகளின் படிப்புக்குத் துணை நின்று வருகிறது. படித்த பிள்ளை உள்ள வீடு தன் நிலத்தையும் கூலியையும் மானத்தையும் காத்துக்கொள்ளத் தெரிந்த வீடாகவும் இருத்தல் வேண்டும். அதுவும் கல்வியின் பயனே. ஆதலின், சாதாரணக் குடும்பங்களுக்குரிய சட்டத் துணையைப் பற்றி இன்று சில கருத்துகளை உங்கள் முன் வைக்க விழைகிறோம்.

மகள் திருமணத்திற்கெனச் சீட்டுப் போடுகிறோம். நோய்க்கும் விபத்துக்கும் காப்பீடு எடுக்கிறோம். வழக்குக்கு மட்டும் எந்த ஏற்பாடும் செய்வதில்லை. வழக்கோ நோயைப் போலவே சொல்லாமல் வருவது. நிலத்தின் எல்லைக்கல் ஓர் இரவில் இடம் மாறுகிறது. வாங்கிய கடனைத் திருப்பிய பின்னும் பழைய புரோநோட்டு வெளியே வருகிறது. தீப்பெட்டி ஆபீசில் தீக்காயம் பட்டவருக்கு இழப்பீடு மறுக்கப்படுகிறது. தெருவில் இழிசொல் கேட்டவன் புகார் கொடுத்தால், மறுநாளே அவன் மீது எதிர்ப்புகார் எழுகிறது.

அந்நேரத்தில் நாம் என்ன செய்கிறோம்? ஆட்டை விற்கிறோம், நகையை அடகு வைக்கிறோம். வக்கீல் கட்டணத்தோடு செலவு முடிவதில்லை. நகலுக்கு ஒரு தொகை, பேருந்துக்கு ஒரு தொகை, வாய்தா நாளில் இழக்கும் கூலி ஒரு தொகை. முடிவில், "போனது போகட்டும்" என்று கைவிடுகிறோம். நம் மக்களில் பலர் நியாயம் இல்லாமல் தோற்பதில்லை. நியாயத்தின் பின்னால் நடக்கக் காசில்லாமல் தோற்கிறார்கள்.

மேலை நாடுகளில் இதற்கொரு வழி கண்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் பல குடும்பங்கள் ஆண்டுதோறும் சிறு தொகை செலுத்திச் சட்டச் செலவுக் காப்பீடு எடுத்து வைக்கின்றன. அமெரிக்காவில் 1973இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம், தொழிலாளர் குடும்பங்களின் சட்டச் செலவுக்கெனத் தொழிற்சங்கமும் முதலாளியும் சேர்ந்து நிர்வகிக்கும் நிதிக்கு இடமளித்தது. வழக்கு வந்த பின் பணம் தேடாமல், வருமுன்னரே பலர் சேர்ந்து செலவைப் பங்கிட்டுக்கொள்வதே இவற்றின் அடிப்படை. எனினும் இத்தகைய காப்பீடுகளில் கண்டிப்பான நிபந்தனைகள் உண்டு. ஏற்கெனவே தொடங்கிவிட்ட தகராறுக்குப் பெரும்பாலும் அவை உதவமாட்டா. எவரேனும் இத்தகைய திட்டத்தோடு நம் வாசலுக்கு வந்தால், அந்த நிபந்தனைகளை முழுதும் படித்த பின்னரே கையெழுத்திடல் வேண்டும்.

நம் நாட்டில் நமக்கென வேறொரு ஏற்பாடு உள்ளது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம், இலவசச் சட்ட உதவியை அரசின் கடமையாக அரசியலமைப்பின் 39அ பிரிவில் சேர்த்தது. அதனை நிறைவேற்ற 1987இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் 12ஆவது பிரிவை நம் ஒவ்வொரு வீடும் அறிந்திருத்தல் வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத் திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோர் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. தலைமையாசிரியரின் குடும்பமாயினும் கூலித் தொழிலாளியின் குடும்பமாயினும் நமக்கு இவ்வுரிமை ஒன்றே. இது எவரும் இடும் பிச்சை அன்று. சட்டம் தந்த உரிமை.

வக்கீல் இன்றி விசாரணை நடந்தால் என்ன ஆகும் என்பதைக் கயத்தாற்று மண்ணுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கட்டபொம்மனை விசாரித்த மேஜர் பானர்மேன் அன்றே இங்கே தூக்கிலிட்டான். வாதாட வக்கீலும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. இன்றைய நிலை வேறு. ஏழை என்பதால் வக்கீல் இன்றி ஒருவரைச் சிறையில் வாட விடலாகாது என்பதை 1979இல் உசைனாரா கத்தூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. குற்றம் சாட்டப்பட்ட ஏழை தானே கேட்கவில்லை என்று காரணம் காட்டி உதவியை மறுக்க முடியாது என்று 1986இல் சுக் தாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது.

உதவி பெறும் வழியும் எளிதே. கோவில்பட்டி நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும், தூத்துக்குடியில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் உள்ளன. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிய மனுவும் சாதிச் சான்றின் நகலும் கொண்டு செல்லலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம். மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்து முடித்துக்கொண்டால், செலுத்திய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அத்தீர்வின் மேல் முறையீடும் இல்லை. மேல்முறையீடு இல்லையாதலால், எவருடைய வற்புறுத்தலுக்கும் அஞ்சி அங்கே கையெழுத்திடலாகாது. வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பயணச் செலவும் உணவுச் செலவும் தர 1995ஆம் ஆண்டு விதிகள் வகை செய்கின்றன. கேட்டுப் பெறுவோர்தாம் குறைவு.

அவ்வாறாயின் குறை எங்கே? காலம் கடந்து செல்வதிலும் காகிதம் இன்றிச் செல்வதிலுமே குறை. நம் தனிநிலத்தைப் பிறர் தமதென்று உரிமை கொண்டாடிப் பன்னிரண்டு ஆண்டுகள் அனுபவிக்க நாம் வாளாவிருந்தால், நம் உரிமையே அழியக்கூடும். 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலங்களின் கதையையும் நினைத்துப் பாருங்கள். முதல் பத்தாண்டு விற்கலாகாது, அதன் பின்னும் நம்மவர்க்கே விற்கலாம் என்ற நிபந்தனை இருந்தும், ஏராளமான நிலம் பிறர் கைக்குப் போயிற்று. நிபந்தனை ஏட்டில் இருந்தது. அதை எடுத்துக் காட்ட ஆள் இல்லை.

ஆள் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மகாத் சான்று. 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கரும் தோழர்களும் அங்குள்ள குளத்தில் நீர் அருந்தினர். அவ்வாண்டு டிசம்பரில் எதிர்த்தரப்பார் வழக்குத் தொடுத்தனர். 1937 மார்ச் 17ஆம் நாள் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் மக்களின் பக்கம் தீர்ப்பளிக்கும்வரை ஏறத்தாழப் பத்தாண்டு அவ்வழக்கு நடந்தது. அத்தனை வாய்தாக்களுக்கும் தளராது நின்றமையால் வெற்றி கிட்டியது. தனிக் குடும்பம் ஒன்றினால் அவ்வாறு நிற்க இயலாது. ஒரு கழகத்தால் இயலும்.

ஆகவே வெள்ளி விழா நினைவாக மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கோப்பு. பட்டா, பத்திரம், வில்லங்கச் சான்று, சாதிச் சான்று, கடன் தீர்த்த ரசீது ஆகியவற்றை அதில் சேர்த்து வையுங்கள். வெற்றுத்தாளில் எக்காரணம் கொண்டும் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

இரண்டாவது, படித்த இளைஞர் ஒருவரும் பெண் ஒருவரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் சட்டத் தன்னார்வலர் பயிற்சி பெற முன்வரல் வேண்டும். இரவில் காவல் நிலையம் செல்ல நேர்ந்தாலும் உடன் செல்ல ஊரில் ஒருவர் இருப்பார்.

மூன்றாவது, கழகத்தின் பெயரால் ஒரு சட்டச் சேமநிதி. நூறு குடும்பங்கள் மாதம் ஐம்பது ரூபாய் செலுத்தினால் ஆண்டுக்கு அறுபதாயிரம் ரூபாய் சேரும். வக்கீலை அரசு தரும். பேருந்துக் கட்டணத்தையும் வாய்தா நாளின் கூலி இழப்பையும் இந்நிதி ஈடு செய்யட்டும். இதிலிருந்து எவருக்கும் கடன் தரலாகாது. பங்காளிச் சண்டைக்கு ஒரு காசும் செலவிடலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை கணக்கை ஊர் முன் படித்தல் வேண்டும்.

கரிசல் காட்டுச் சம்சாரி மழை வந்த பின் கலப்பை தேடுவதில்லை. கோடையிலேயே உழுது வைக்கிறான். சட்டத் துணையையும் அவ்வாறே முன்கூட்டி ஆயத்தம் செய்தல் நம் கடமை. இந்நிதிக்கான முதல் சந்தாவை இன்றைய அமர்வு முடிந்ததும் பொருளாளரிடம் செலுத்த இருக்கிறோம். நீங்களும் உடன் வரவேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம்.