கண்ணாடியில் ஓடும் வெள்ளிக் கோடுகள்

மாரிகாலத்தில், விடிவதற்கு முன்னரே மூதூரிலிருந்து திருகோணமலைக்குப் புறப்படும் வான்களை நேயர்கள் கண்டிருப்பார்கள். அவற்றின் பின்புறக் கண்ணாடியிலே, கொப்பி ஒற்றையில் அடித்த கோடுகளைப் போல, பத்துப் பன்னிரண்டு மெல்லிய கோடுகள் கபில நிறத்தில் குறுக்கே ஓடும். அவை எதற்காக என்று கேட்டால் விடைகள் பலவாறாக வரும். அழகுக்காக இட்டவை என்பார் ஒருவர். கண்ணாடி வெடிக்காமல் காக்கும் கம்பிகள் என்பார் இன்னொருவர். வானொலியின் அலைவாங்கி என்பாரும் உளர். இம்மூவருள் கடைசியாகக் கூறியவரின் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. சில வாகனங்களில் அலைவாங்கியையும் இதே கண்ணாடியில் அச்சிட்டு விடுகிறார்கள். இப்பேச்சை வாகனத்தில் இருந்தவாறு கேட்கும் நேயர்களுட் சிலருக்கு இது அவ்வழியாகவே வந்து சேரக்கூடும்.

ஆயினும் அக்கோடுகளின் தலையாய தொழில் வேறு. அவை வெள்ளியாலானவை. ஆளியை அழுத்தியதும் அவற்றினூடே மின்னோட்டம் பாய்ந்து கண்ணாடியைச் சூடாக்குகிறது. கண்ணாடியிற் படிந்த ஈரம் மறைகிறது.

“இங்கே பனியா கொட்டுகிறது? இது நமக்கு எதற்கு?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. பனிக்கட்டி விழும் யப்பானுக்காகச் செய்யப்பட்ட வாகனங்கள் பாவித்த நிலையில் இலங்கைக்கு வந்தபோது, இக்கோடுகளும் கூடவே வந்தன என்பது உண்மைதான். ஆனால் அவை இந்நாட்டுக்கு உதவாதவை என்று முடிவு கட்டுவது அவசரபுத்தி. கண்ணாடியை மறைப்பது பனிக்கட்டி மட்டுமன்று. மனிதரின் மூச்சும் அதனை மறைக்கும்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் அமைந்தது மூதூர். ஒருபுறம் கடல்; மறுபுறம் மகாவலி கங்கையின் கிளைகளும் வயல்வெளிகளும். காற்றில் ஈரத்துக்குக் குறைவேயில்லை. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பநிலையைப் பொறுத்தது. 30 பாகை செல்சியசில் ஒரு கன மீற்றர் இடத்தில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி அடங்கும். 20 பாகையில் 17 கிராம்தான் அடங்கும். ஈரக்காற்று குளிர்ந்துகொண்டே போனால் ஒரு கட்டத்தில் நீராவி துளிகளாகப் படியத் தொடங்கும். அந்த வெப்பநிலையைத்தான் பாடசாலை நூல்கள் பனிபடுநிலை என்கின்றன. குளிர்ந்த நீர் நிரம்பிய குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும், வாகனக் கண்ணாடி மங்குவதும் ஒரே செயலே.

மூதூரிலே இது இருவகையாக நிகழும். வாடைமழை பெய்யும்போது கண்ணாடி வெளியே குளிர்ந்திருக்கும். உள்ளே பத்துப் பேர் நனைந்த உடையுடன் அமர்ந்து மூச்சு விடுவார்கள். அப்போது ஈரம் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். மழையில்லாத புழுக்கமான விடியற்காலையில் குளிரூட்டியை முடுக்கிவிட்டால் நிலைமை தலைகீழாகும். கண்ணாடி உள்ளிருந்து குளிர்கிறது. ஈரக்காற்று வெளியே இருக்கிறது. ஆகவே வெளிப்புறத்தில் ஈரம் படிகிறது. இதனை அறியாத சாரதி உட்புறத்தைத் துணியால் துடைத்துத் துடைத்துச் சலித்துப் போவார். மங்கல் அசையாது. துடைப்பவனுக்கு ஈரம் எப்பக்கம் என்று தெரிந்தாக வேண்டும். சூடான கண்ணாடிக்கு அந்தக் கவலை இல்லை. கண்ணாடியின் வெப்பநிலை பனிபடுநிலைக்கு மேலே ஏறிவிட்டால் இருபுறமும் ஈரம் தங்காது. வெள்ளிக் கோடுகளின் பெருஞ்சிறப்பு இதுவே.

2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன், இவ்வழியாகச் செல்லும் வாகனங்கள் துறைகளில் நின்று, மிதவைப் பாதையில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. நிற்கும் வேளையில் கண்ணாடியைத் துடைக்க நேரமிருந்தது. இன்று அந்நிறுத்தங்கள் இல்லை. வேகமும் கூடிவிட்டது. எனினும் பின்புறக் கண்ணாடி மங்குவதால் வரும் பேராபத்து நெடுஞ்சாலையில் அன்று, பாடசாலை வாயிலில்தான் இருக்கிறது. மழைநாட் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட வான் பின்னோக்கி எடுக்கப்படும்போது, குடையைப் பிடித்தபடி பின்னால் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையை மங்கிய கண்ணாடி காட்டாது.

இனி, இக்கோடுகள் உண்டாகும் முறையைக் காண்போம். வெள்ளித் தூளும், எளிதில் உருகும் கண்ணாடித் தூளும், பசைபோன்ற ஒரு திரவமும் சேர்ந்த குழம்பே இதற்கு மை. பதாகைகளிலும் சட்டைகளிலும் எழுத்து அச்சிடுவது போல, திரையச்சு முறையிலேயே இந்த மையைக் கண்ணாடியில் பதிக்கிறார்கள். பின்பு கண்ணாடி உலைக்குள் செல்கிறது. 600 பாகையைத் தாண்டிய சூட்டில் கண்ணாடி இளகி வளைவு பெறும். அதே சூட்டில் மையிலுள்ள கண்ணாடித் தூள் உருகி வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்ததும் குளிர்காற்றை வேகமாகப் பாய்ச்சிக் கண்ணாடியை உறுதியாக்குகிறார்கள். உலையில் வெள்ளியின் ஒரு சிறு பங்கு கண்ணாடிக்குள்ளேயே ஊறி விடுவதால்தான் வெளியிலிருந்து பார்க்கையில் கோடு கபில நிறமாகத் தெரிகிறது. ஐரோப்பியத் தேவாலயங்களின் சாளரங்களுக்கு மஞ்சள் நிறம் ஊட்ட 14ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் கையாண்டதும் வெள்ளியின் இக்குணத்தையே.

கண்ணாடியின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக ஓர் அகன்ற பட்டை உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்லிய கோடுகள் யாவும் தனித்தனியே செல்கின்றன. கல்யாண வீட்டு மின்குமிழ் மாலையில் ஒரு குமிழ் கெட்டால் அந்த மாலையே அணைந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம், அது தொடர்நிலை. இங்கோ சமாந்தர நிலை. ஒரு கோடு அறுந்தால் அக்கோடு மட்டுமே செயலிழக்கும். ஓர் எடுத்துக்காட்டு: பன்னிரண்டு கோடுகள், ஒவ்வொன்றின் தடையும் 12 ஓம், மின்கலம் 12 வோல்ற்று என்று கொள்வோம். ஒவ்வொரு கோட்டிலும் ஓர் அம்பியர் பாயும். மொத்தம் 12 அம்பியர். வலு 144 வாற்று. பழைய 60 வாற்று மின்குமிழ்கள் இரண்டினதைக் காட்டிலும் சற்றே கூடுதல். மின்னோட்டம் தடையைக் கடக்கும்போது வெப்பம் பிறக்கும் அளவை யூல் என்னும் ஆங்கிலேயர் 1841ஆம் ஆண்டு வகுத்துக் கூறினார். மாணவர் மனப்பாடம் செய்யும் அச்சமன்பாடு வீதியில் ஓடுகிற ஒவ்வொரு வானிலும் எழுதப்பட்டிருக்கிறது. 12 அம்பியர் என்பது மின்கலத்துக்குச் சிறு சுமையன்று. ஆகவேதான் பல வாகனங்களில் இது பத்துப் பதினைந்து நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். இயந்திரம் ஓடாதபோது இதனை இயக்காதிருப்பது நல்லது.

இத்தகைய நுண்ணிய வேலைப்பாட்டை எப்படிப் பேணுகிறோம்? சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கோடுகள் இருப்பது கண்ணாடியின் உட்புறத்தில். மீன்பெட்டியும் நெல்மூட்டையும் துவிச்சக்கர வண்டியும் உராய்வது அங்கேதான். இறை நாமமும் பிள்ளைகளின் பெயரும் நடிகரின் படமும் ஒட்டுவதற்கும், பழைய கறுப்புத் தாளைச் சவர அலகால் சுரண்டுவதற்கும் அகப்படுவது இக்கண்ணாடியே. தாளை உரித்தால் கோடும் உரிந்து வரும். துடைக்கும்போது கோடு செல்லும் திசையிலேயே மெல்லிய துணியால் துடைக்க வேண்டும் என்ற சிறு பழக்கமும் பலருக்கு இல்லை.

அறுந்த கோட்டை இனங்காண்பது எளிது. ஆளியை இட்டபின் ஏனைய இடமெல்லாம் தெளிய, ஒரு கோட்டின் மருங்கில் மாத்திரம் மங்கல் பட்டையாக நிற்குமானால் அந்தக் கோடே அறுந்தது. வோல்ற்றுமானியின் ஒரு முனையை வாகன உடலில் வைத்து, மறுமுனையைக் கோட்டின் வழியே மெல்ல நகர்த்தினால், அளவீடு சடுதியாக மாறுகிற இடத்தில் முறிவு இருக்கும். அவ்விடத்தின் மேலும் கீழும் ஒட்டுநாடா இட்டு, நடுவே வெள்ளி கலந்த மின்கடத்தும் பூச்சைத் தடவிக் காயவிட்டால் கோடு மீண்டும் உயிர்பெறும். கராஜ்களில் இதனைச் செய்வோர் அரிது. “கண்ணாடியையே மாற்று” என்பதும், “இருந்தால் என்ன, போனால் என்ன” என்பதுமே அங்கே கேட்கக் கிடைக்கும் விடைகள். உறுதியாக்கிய கண்ணாடியை வெட்டவோ மறுபடி உலையிலிட்டு அச்சிடவோ இயலாது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். 2020 முதல் 2025 தொடக்கம் வரை இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபோது, பழைய வாகனங்களே நெடுங்காலம் ஓட வேண்டியதாயிற்று. அவற்றில் எத்தனை கண்ணாடிகளின் கோடுகள் முழுமையாக உள்ளன என்பதை மாரி தொடங்குமுன் உரியவர்கள் ஒருமுறை பார்த்துவிடலாம். மூதூரிலிருந்து நுவரெலியாவுக்குச் சுற்றுலா செல்லும் வான்கள் சிறப்பாகப் பார்க்க வேண்டும். மலைமுகிலுக்குள் நுழைந்தபின் ஆளியைத் தேடுவது காலங்கடந்த செயல். நீள்சதுரத்தின் மேல் மூன்று நெளிந்த அம்புகள் மேல்நோக்கி எழும் குறியே பின்கண்ணாடிக்குரியது. விசிறி போன்ற வடிவத்தில் அமைந்த குறி முன்கண்ணாடிக்குரியது.

முன்கண்ணாடியில் இத்தகைய கோடுகளைப் பெரும்பாலும் காண முடியாது. சாரதியின் பார்வையை அவை மறிக்கும் ஆதலின் அங்கே காற்றூதியே பணிபுரிகிறது. விமானங்களில் கண்ணுக்குப் புலப்படாத வெள்ளீய ஒட்சைட்டுப் படலத்தைக் கண்ணாடியிற் பூசி அதனூடே மின்னைச் செலுத்துகிறார்கள்.

கோடு அகலமானால் தடை குறையும், பார்வை மறையும். மெலிந்தால் பார்வை தெளியும், தடை கூடும். இந்த இழுபறி மூதூர்ப் பகுதிக்கு இன்னொரு வழியாகவும் வந்திருக்கிறது. சம்பூரில் எழவிருந்த 500 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக 120 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையத்தின் பணி 2025 ஏப்பிரல் 5ஆம் நாள் தொடக்கி வைக்கப்பட்டது. சூரிய மின்கலங்களின் முகத்திலும் வெள்ளிக் குழம்பினால் திரையச்சு முறையில் இட்ட கோடுகளே ஓடுகின்றன. வானின் கண்ணாடியில் மின் வெப்பமாகிறது. மின்கலத்தில் ஒளி மின்னாகிறது, அதைத் திரட்டிக் கொண்டுசெல்பவை அக்கோடுகள். அகன்ற கோடு வெய்யிலை மறைக்கும். மெலிந்த கோடு மின்னோட்டத்தைத் தடுக்கும். வெள்ளியின் விலையும் ஏறிக்கொண்டே போவதால், அக்கோட்டை மயிரிழையினும் குறுகியதாக அச்சிடவும், வெள்ளிக்குப் பதிலாகச் செம்பை இடவும் பொறியியலாளர்கள் முயன்று வருகிறார்கள்.