ஓடு கழற்றும் உயிர்கள்



தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் வகுக்குமிடத்து, நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களாக ஒருங்கே வைக்கிறது. ஒன்று சேற்றில் ஊர்வது, மற்றொன்று பறப்பது. இன்றைய விலங்கியலும் இவ்விரண்டையும் கணுக்காலிகள் என்னும் ஒரே தொகுதியில் சேர்க்கிறது. அது காட்டும் காரணம் வேறு. இரண்டிற்கும் உள்ளே எலும்பில்லை. உடலைத் தாங்கும் சட்டகம் புறத்தே அமைந்துள்ளது.

அச்சட்டகத்தின் அடிப்படைப் பொருள் கைட்டின். பூச்சிகளின் உடற்கூட்டில் அதனை ஆராய்ந்த ஒதியே என்னும் பிரெஞ்சு அறிஞர், 1823-இல், மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். நண்டிலும் இறாலிலும் அதனோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து ஓடு உறுதிப்படுகிறது.

ஆடை என்றது பொருத்தமே. உடல் வளரும், ஓடு வளராது. ஆதலின் பழைய ஓட்டின் அடியில் மெல்லிய புதிய ஓடு உருவாகிறது. பழையதிலுள்ள சுண்ணாம்பில் ஒரு பகுதியை உடல் மீட்டுக்கொள்கிறது. பின்னர் முதுகுப்புறம் பிளவுபட, நண்டு பின்னோக்கி நழுவி வெளியேறுகிறது. கால்கள், கண்காம்புகள், செவுள்கள் ஆகியவற்றின் உறையோடு இரைப்பையின் உட்பூச்சுங்கூடக் கழன்றுவிடுகிறது! வெளிவந்த நண்டு நீரை உட்கொண்டு பருக்க, புதிய ஓடு அப்பருமனிலேயே இறுகுகிறது. அதுவரை அதன் கொடுக்கிற்கு வலுவில்லை. கல்லிடுக்கில் பதுங்கிக் கிடக்கும். கால் சிக்கி, பழைய ஓட்டிலிருந்து மீளாமலே மடிவனவும் உண்டு. ஆயினும், முன்னர் இழந்த கால் மீண்டும் தோன்றுவதும் இக்கழற்றலின்போதுதான்.

இனி, நம் இல்லங்களைத் தொடும் செய்தி ஒன்று. மூட்டுவலிக்கு முதியோர் பலர் உண்ணும் குளுக்கோசமைன் மாத்திரை பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினை அமிலத்தால் சிதைத்துப் பெறப்படுவதாகும். உயிர் தானே கழற்றிய ஓடுகள் அவை என எண்ணிவிடலாகாது. உணவுக்காகக் கொல்லப்பட்டவற்றின் எஞ்சிய ஓடுகளே ஆலைகளுக்குச் செல்கின்றன. பூஞ்சையைக் கொண்டு நொதிக்கச் செய்து பெறும் குளுக்கோசமைனும் சந்தையில் உண்டு. மாத்திரையின் வடிவைக் கண்டு இரண்டையும் பிரித்தறிய இயலாது. உறையிலுள்ள குறிப்பைப் படித்தல் வேண்டும், அதில் இல்லையேல் தயாரிப்பாளரைக் கேட்டல் வேண்டும். இம்மருந்தின் பயன் குறித்து ஆய்வுகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை என்பதும் அறியத்தக்கது. எனவே உண்டு வருவோர் தாமாக நிறுத்திவிடாமல், தம் உணவு நெறியை மருத்துவரிடம் முன்னரே கூறி, அவர் எழுதும் சீட்டிலேயே மாற்று மருந்தைக் கேட்டுப் பெறலாம்.